பழைய பொம்மைத் தொடர் ஒன்றின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி

புகழ்பெற்ற பொம்மைகளின் தோற்றத்தைப் பற்றி நிறுவனங்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. ஒரு தாயோ தந்தையோ தம் குழந்தை விளையாடுவதைக் கவனிக்கிறார், யோசனை பிறக்கிறது, வியாபாரிகள் ஏளனம் செய்கிறார்கள், பிறகு ஊரே வாங்குகிறது. இவற்றுள் பல பொய்யல்ல. ஆனால் பாதிக் கதை. மறுபாதி பொம்மையின் முதுகில் வார்க்கப்பட்ட எழுத்துகளிலும், காப்புரிமை ஆவணங்களிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும், ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கிய கணக்குகளிலும் சிதறிக் கிடக்கிறது. சேகரிப்பாளராகவோ, கட்டுரை எழுதுபவராகவோ அந்த மறுபாதியைத் தேட விரும்புவோர் எங்கிருந்து தொடங்கலாம், எந்தச் சான்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

எந்தப் பிறப்பு, எந்தத் தொடர்

ஒரு பொம்மைக்குப் பிறந்த ஆண்டு ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு தேடத் தொடங்கினால் முதல் நாளே குழப்பம் வரும். ரூபிக் கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புடாபெஸ்டில் ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக் அதன் முதல் மாதிரியை 1974-இல் செய்தார்; 1975 ஜனவரியில் ஹங்கேரியக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1977-இல் ‘மந்திரக் கனசதுரம்’ என்னும் பொருள்படும் பெயரில் அது அந்நாட்டுக் கடைகளுக்கு வந்தது; 1980-இல் அமெரிக்காவின் ஐடியல் டாய் நிறுவனம் அதற்கு ரூபிக்கின் பெயரைச் சூட்டி உலகச் சந்தையில் இறக்கியது. நான்கு ஆண்டுகளும் சரியானவையே. உங்கள் குறிப்பேட்டில் ‘ஆண்டு’ என்று ஒரே கட்டம் போடாமல், வடிவமைப்பு, விண்ணப்பம், கண்காட்சியில் அறிமுகம், கடை விற்பனை என்று தனித்தனிக் கட்டங்கள் வைத்துக்கொண்டால், பிற்பாடு இரண்டு நூல்கள் முரண்படுவதுபோல் தோன்றும் இடங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

தொடரின் எல்லையையும் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-இல் வெளியிட்ட ஜி.ஐ. ஜோ சுமார் 30 செ.மீ. உயரமுள்ள, துணி உடை அணிந்த போர்வீரன். அதே பெயரில் 1982-இல் வந்தவை ஒரு சாண் உயரம்கூட இல்லாத, உடையும் உடலும் ஒன்றாக வார்க்கப்பட்ட உருவங்கள். பெயரைத் தவிர இவ்விரண்டுக்கும் பொதுவானது மிகக் குறைவு. இரண்டையும் ஒரே தொடராக எழுதுவதில் தவறில்லை, ஆனால் அப்படித்தான் எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும்.

பொம்மையே முதல் ஆவணம்

நூல்களைத் திறப்பதற்கு முன் பொம்மையைக் கையில் எடுங்கள். வார்க்கப்பட்ட எழுத்துகள் பெரும்பாலும் முதுகு, பாதம், தொடையின் உட்புறம், வண்டியாக இருந்தால் அடித்தகடு ஆகிய இடங்களில் இருக்கும். நேரே மேலிருந்து விளக்கடித்தால் அவை மறைந்துபோகும். இருட்டான அறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில், ஏறக்குறைய பொம்மையின் பரப்போடு படியவைத்து அடித்தால், எழுத்தின் நிழல் விழுந்து தெளிவாகப் படிக்கலாம். அந்த நிலையிலேயே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்கு அடைத்திருந்தால் மென்மையான தூரிகையே போதும். கரைப்பான் எதையும் பயன்படுத்தினால் எழுத்து தெரியும், வண்ணம் போய்விடும்.

படித்த பிறகு வரும் முதல் பொறி, அங்கே அச்சிட்டிருக்கும் ஆண்டு. 1980-களிலும் 1990-களிலும் விற்பனையான எண்ணற்ற பார்பி பொம்மைகளின் முதுகில் 1966 என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அறுபதுகளின் அரிய பொருள் கிடைத்துவிட்டதாக மகிழ்பவர்கள் ஏராளம். அது உடலின் வார்ப்பச்சுக்கு மாட்டெல் நிறுவனம் பதிப்புரிமை பெற்ற ஆண்டு. இடுப்பைத் திருப்பக்கூடிய அந்த உடல் 1967-இல் சந்தைக்கு வந்தது, அதன் பின் பல பத்தாண்டுகள் அதே ஆண்டுக் குறியோடு வார்க்கப்பட்டது. தலையின் உள்விளிம்பைப் பார்த்தால் 1976 என்று வேறொரு ஆண்டு இருக்கலாம். அது அந்த முகத்தின் அச்சுக்கு உரியது. ஆகவே 1990-இல் ஒரு குழந்தைக்குப் பரிசாக வந்த பார்பி, உடலில் ஒரு வயதும் தலையில் ஒரு வயதுமாக, இரண்டுமே தன் வயதல்லாமல் இருக்கும். ஹாட் வீல்ஸ் கார்களின் அடித்தகட்டில் இருக்கும் ஆண்டும் இப்படித்தான்: அந்த வார்ப்பு முதலில் வடிவமைக்கப்பட்ட காலத்தைச் சொல்லுமே தவிர, கையில் இருக்கும் கார் தயாரான காலத்தைச் சொல்லாது. அச்சிட்ட ஆண்டுக்கு முன்னால் அப்பொருள் தயாராகியிருக்க முடியாது என்பதுதான் அதிலிருந்து உறுதியாகக் கிடைக்கும் ஒரே முடிவு.

உண்மையான காலத்தை நெருங்க, நாட்டின் பெயர் அதைவிட உதவும். 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயரைக் குறிக்கச் செய்தது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது’ என்ற குறி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொடங்கி 1952-இல் முடிந்த நேச நாடுகளின் ஆட்சிக்காலத்தைக் காட்டும். ‘மேற்கு ஜெர்மனி’ என்பது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. பார்பி முதலில் ஜப்பானில் தயாரானாள். தைவான், ஹாங்காங், பிலிப்பைன்ஸ், மலேசியா, சீனா, இந்தோனேசியா ஆகிய பெயர்கள் பின்னால் வந்தவை. பெட்டியில் அமெரிக்க முகவரி இருந்து, அதில் ஜிப் என்னும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடும் இருந்தால், அந்தப் பெட்டி 1963-க்கு முந்தியதல்ல. பெட்டியும் பொம்மையும் ஒன்றாகவே விற்பனையானவைதாமா என்பதைத் தனியாக உறுதி செய்ய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பழம்பொருள் சந்தையில் இவ்விரண்டுக்கும் நடக்கும் கலப்புத் திருமணங்கள் அதிகம்.

சில பொம்மைகளில் எழுத்துக்குப் பதிலாக உருவமே முத்திரையாக இருக்கும். மனித உடலின் பொதுவான வடிவத்துக்கு ஒருவரும் உரிமை கோர முடியாது என்பதால், ஜி.ஐ. ஜோவின் வலக் கன்னத்தில் ஒரு தழும்பு வைக்கப்பட்டது. அது திட்டமிட்டது. வலக்கைக் கட்டைவிரலின் நகம் மட்டும் உள்ளங்கைப் பக்கமாக அமைந்துபோனது சிற்பியின் கைத்தவறு. ஆனால் போலிகளைப் பிடிக்க அதுவே நல்ல அடையாளமானது: வேறொரு நிறுவனத்தின் பொம்மையிலும் நகம் தவறான பக்கத்தில் இருந்தால், அது எதைப் பார்த்து எடுத்த அச்சு என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை.

காப்புரிமை எண்ணைப் பின்தொடர்தல்

பொம்மையிலோ பெட்டியிலோ காப்புரிமை எண் இருந்தால் உங்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்திலும் எண்ணை இட்டால், வரைபடங்களுடன் முழு ஆவணமும் இலவசமாகக் கிடைக்கும். ஐரோப்பிய ஆவணங்களுக்கு எஸ்பாஸ்நெட் என்ற தளம் இருக்கிறது. தேடுவதற்கு முன்பே எண்ணைப் பார்த்துக் காலத்தைத் தோராயமாக மதிப்பிடலாம்: அமெரிக்க எண் பத்து லட்சத்தை 1911-இலும், இருபது லட்சத்தை 1935-இலும், முப்பது லட்சத்தை 1961-இலும், நாற்பது லட்சத்தை 1976-இலும் எட்டியது. எண் இல்லாமல் ‘காப்புரிமை நிலுவையில் உள்ளது’ என்று மட்டும் இருந்தால் அதுவும் ஒரு சான்று. ஜி.ஐ. ஜோவின் தொடக்ககால உருவங்களில் பின்புறத்தில் இந்தச் சொற்களே உள்ளன. 1966 அக்டோபரில் காப்புரிமை கிடைத்த பின் அவ்விடத்தில் 3,277,602 என்ற எண் வந்தது. ஓர் உருவம் அந்த எல்லைக்கு முந்தியதா பிந்தியதா என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஆவணம் கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது கண்டுபிடித்தவர் பெயர். பார்பியை உருவாக்கியவர் என்று உலகம் அறிந்தவர் மாட்டெலின் நிறுவனர்களுள் ஒருவரான ரூத் ஹேண்ட்லர். பார்பியின் உடலமைப்புக்கு 1961-இல் வழங்கப்பட்ட 3,009,284 எண்ணுள்ள காப்புரிமையிலோ, ஏவுகணைத் துறையிலிருந்து மாட்டெலுக்கு வந்த பொறியாளர் ஜாக் ரயனின் பெயர் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஹேண்ட்லரின் பங்கை மறுப்பது அவசரம். பொம்மை என்ன வகையில் இருக்க வேண்டும், யாருக்கு விற்க வேண்டும் என்று தீர்மானித்தவர் ஒருவர். அது நிற்கவும் உட்காரவும் வழி செய்தவர் மற்றவர். காப்புரிமைச் சட்டத்துக்கு இரண்டாமவரை மட்டுமே தெரியும். ‘உருவாக்கியவர்’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காப்புரிமையே தவறான பெயரைச் சுமந்த நிகழ்வும் உண்டு. இரண்டு குமிழ்களைத் திருப்பிச் சாம்பல் நிறத் திரையில் கோடு வரையும் எட்ச் ஏ ஸ்கெட்ச் என்ற பொம்மையைக் கண்டுபிடித்தவர் ஆந்த்ரே கசாஞ் என்னும் பிரெஞ்சு மின்பணியாளர். அலுமினியத் தூள் புழங்கும் தொழிற்சாலையில், மின்விசைத் தகட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் பென்சிலால் எழுதியபோது கோடு மறுபக்கம் தெரிந்ததைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. காப்புரிமைக் கட்டணத்துக்குப் பணம் இல்லாமல் அவர் ஒரு முதலீட்டாளரை நாட, அந்த முதலீட்டாளரிடம் வேலை பார்த்த ஆர்தர் கிராஞ்சான் கட்டணத்தைச் செலுத்தச் சென்றார். ஆவணத்தில் அவர் பெயரே ஏறிவிட்டது. அமெரிக்காவின் ஓஹையோ ஆர்ட் நிறுவனம் 25,000 டாலருக்கு உரிமம் பெற்று 1960-இல் விற்பனையைத் தொடங்கிய பிறகும், வெகுகாலம் கிராஞ்சானே கண்டுபிடித்தவர் என்று அச்சாகிக்கொண்டிருந்தது. அரசு முத்திரை குத்திய தாளில் இருப்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. அந்தத் தாளில் எழுதக் காரணம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

வழக்குகள் இருந்தால் விடாதீர்கள்

என் கணிப்பில், பொம்மை வரலாற்றுக்கு நீதிமன்றத் தீர்ப்பை விடச் சிறந்த மூலம் இல்லை. விளம்பரத்தில் சொல்லாததை நிறுவனங்கள் சத்தியப்பிரமாணத்தின் பேரில் சொல்ல வேண்டியிருக்கும், எதிர்த்தரப்பு அதைக் குறுக்கு விசாரணை செய்யும். தீர்ப்பின் தொடக்கத்தில் நீதிபதி எழுதும் சம்பவச் சுருக்கம் பல சமயம் எந்த நூலிலும் இல்லாத அளவுக்குத் தெளிவாக இருக்கும்.

நிலமும் வீடும் வாங்கி விளையாடும் பலகை விளையாட்டான மோனோபோலி இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. வேலையிழந்த சார்லஸ் டாரோ வீட்டில் உட்கார்ந்து இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்று பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. 1970-களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் ‘ஆன்டி-மோனோபோலி’ என்ற விளையாட்டை வெளியிட, நிறுவனத்துடன் வழக்கு மூண்டது. தற்காப்புக்காக அவர் தோண்டியபோது, எலிசபெத் மேகி என்ற பெண்மணி ‘நிலக்கிழார் விளையாட்டு’ என்ற பொருளுள்ள பெயரில் 1904 ஜனவரியில் பெற்ற காப்புரிமை வெளிவந்தது. நிலத்தின் மீது மட்டும் வரி விதிக்க வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் கொள்கையைக் கற்பிக்க அவர் அதை உருவாக்கியிருந்தார். கையால் வரைந்த பலகைகளாக ஊர் ஊராகப் பரவி, அட்லான்டிக் சிட்டியின் தெருப்பெயர்களை ஏற்று, அது டாரோவின் கைக்கு வந்தது. 1935-இல் மேகியின் காப்புரிமையைப் பார்க்கர் பிரதர்ஸ் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது.

டாரோ படியெடுத்தார் என்பதற்கு அந்தப் பலகையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அட்லான்டிக் சிட்டிக்கு அருகில் உள்ள குடியிருப்பின் பெயர் ‘மார்வென்’ கார்டன்ஸ். டாரோவுக்கு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவரின் பலகையில் அது ‘மார்வின்’ என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. அச்சான மோனோபோலியிலும் அதே பிழை. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் இரண்டு ஏடுகளில் ஒரே பிழை வந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று முடிவு செய்வார்களே, அந்த முறைதான் இங்கும். பொம்மைகளை ஒப்பிடும்போது சிறப்பான அம்சங்களின் ஒற்றுமையைத் தேடாதீர்கள். நல்ல வடிவம் இருவருக்குத் தனித்தனியே தோன்றக்கூடும். பிழைகளின் ஒற்றுமையைத் தேடுங்கள்.

லெகோவுக்கும் இப்படியொரு பின்னணி உண்டு. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1949-இல் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் கட்டைகள், ஹிலரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயரின் கிட்டிகிராஃப்ட் கட்டைகளைத் தழுவியவை. இதை லெகோ நிறுவனமே பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. கிட்டிகிராஃப்ட் கட்டைகளின் உரிமையை 1981-இல் விலைக்கும் வாங்கியது. லெகோ தன் சொந்தப் பங்காகச் சேர்த்தது கட்டையின் உள்ளே இருக்கும் குழாய்கள். 1958 ஜனவரி 28-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கோரியது. கட்டையைக் கவிழ்த்துப் பாருங்கள்: உள்ளே குழாய் இல்லாமல் வெறுமையாக இருந்தால் ஒன்றோடொன்று இறுகப் பிடிக்காது, எளிதில் கழன்றுவிடும். காப்புரிமையின் காலம் முடிந்த பிறகும் அந்த வடிவத்தைத் தனதாக்கிக்கொள்ள நிறுவனம் நடத்திய வழக்குகள், குறிப்பாக 1988-இல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலும் 2005-இல் கனடா உச்ச நீதிமன்றமும் அளித்த தீர்ப்புகள், இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் லெகோ தோற்றது.

பார்பிக்கு ஜெர்மனியின் பில்ட் லில்லி முன்மாதிரி. செய்தித்தாள் கேலிச்சித்திரத்திலிருந்து 1955-இல் பொம்மையான லில்லியை ரூத் ஹேண்ட்லர் ஐரோப்பியப் பயணத்தில் பார்த்தார்; பார்பி 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமானாள்; லில்லியின் உரிமையை மாட்டெல் 1964-இல் வாங்கியது. மகள் காகிதப் பொம்மைகளோடு விளையாடியதைப் பார்த்து யோசனை வந்தது என்ற கதையும் இதோடு மோதவில்லை. தேவை ஓரிடத்திலிருந்து வந்தது, வடிவம் வேறிடத்திலிருந்து வந்தது.

உரிமையாளர் சங்கிலியை வரைதல்

இப்போது ஒரு பெரிய தாளை எடுத்து, பொம்மையைச் சொந்தமாக வைத்திருந்த நிறுவனங்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். குழந்தைகள் பிசைந்து விளையாடும் வண்ண மாவான ப்ளே-டோவின் சங்கிலி பயிற்சிக்கு ஏற்றது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் குட்டோல் என்ற நிறுவனம், நிலக்கரி அடுப்புகளின் கரி படிந்த சுவர்த்தாள்களைத் துடைக்க ஒருவகை மாவு தயாரித்துவந்தது. வீடுகள் எரிவாயுவுக்கு மாறி, கழுவக்கூடிய வினைல் சுவர்த்தாள்களும் வந்தபோது அந்தப் பொருளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நிறுவனத்தாரின் உறவினரான மழலைப்பள்ளி ஆசிரியை கே ஜூஃபால், அந்த மாவைக் குழந்தைகள் பிசைந்து விளையாடக் கொடுத்துப் பார்த்தார். 1956-இல் ப்ளே-டோ பிறந்தது. அதற்காகவே தொடங்கப்பட்ட ரெயின்போ கிராஃப்ட்ஸ் நிறுவனத்தை 1965-இல் ஜெனரல் மில்ஸ் வாங்கியது. அந்த உணவு நிறுவனம் 1967-இல் கென்னரையும் 1968-இல் பார்க்கர் பிரதர்ஸையும் வாங்கி, 1985-இல் தன் பொம்மைத் தொழிலை கென்னர் பார்க்கர் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. அதை 1987-இல் டாங்காவும், டாங்காவை 1991-இல் ஹாஸ்ப்ரோவும் வாங்கின. மோனோபோலி வழக்கின் தலைப்பில் காலை உணவுத் தானியம் விற்கும் நிறுவனத்தின் பெயர் ஏன் இருக்கிறது என்பதற்கும் இந்தத் தாளிலேயே விடை இருக்கிறது.

சங்கிலி தெரிந்தால் பொம்மையின் காலமும் தெரியும். மேட்ச்பாக்ஸ் காரின் அடித்தகட்டில் இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனப் பெயர் இருந்தால் அது 1953-இல் தொடங்கிய தொடரின் முதல் சகாப்தத்தைச் சேர்ந்தது. லெஸ்னி 1982-இல் திவாலாகி யூனிவர்சல் நிறுவனத்திடம் சென்றது. 1992-இல் டைகோவும், 1997-இல் டைகோவோடு சேர்த்து மாட்டெலும் அதைப் பெற்றன. ஹாட் வீல்ஸை உருவாக்கிப் போட்டியிட்ட அதே மாட்டெலின் கையில் மேட்ச்பாக்ஸும் போய்ச் சேர்ந்தது.

வாங்குவதும் விற்பதும் நேர்க்கோடு. உரிமம் வழங்குவது வலைப்பின்னல், அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் கடினம். ஜி.ஐ. ஜோவின் உரிமத்தை ஹாஸ்ப்ரோவிடமிருந்து பெற்ற ஜப்பானின் டகாரா, அந்த உடலை வைத்து 1972-இல் ஒளிபுகும் உடலுள்ள ஹென்ஷின் சைபோர்க் உருவங்களையும், அதன் சிறிய வடிவமாக 1974-இல் மைக்ரோமேன் தொடரையும் உருவாக்கியது. மைக்ரோமேனின் கிளையாக 1983-இல் மைக்ரோ சேஞ்ச் வந்தது. வண்டிகளாக மாறும் எந்திரங்களைக் கொண்ட டயக்ளோன் 1980-இலேயே வந்திருந்தது. இவ்விரண்டின் பொம்மைகளையும் ஹாஸ்ப்ரோ உரிமம் பெற்று, புதிய பெயர்களும் குணங்களும் கொடுத்து, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது. டயக்ளோன் வண்டிகளை ஓட்டச் சிறு மனித உருவங்கள் இருந்தன. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையின் நாயகனான, லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைமின் லாரிப் பெட்டிக்குள் இருக்கும் இருக்கைகளும், சில கார்களில் திறந்துகொள்ளும் ஓட்டுநர் அறைகளும் அந்த மனிதர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஹாஸ்ப்ரோவின் கதையில் எந்திரங்களுக்கே உயிர் உண்டு என்பதால் ஓட்டுநர்கள் நீக்கப்பட்டார்கள், இருக்கைகள் மட்டும் தங்கிவிட்டன. ஒரு பொம்மையில் கதைக்குப் பொருந்தாத பாகம் எதுவும் தென்பட்டால் உரிம ஒப்பந்தத்தைத் தேடத் தொடங்குங்கள்.

பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் தளத்தில் உள்ளன. அதற்கு முந்திய காலத்துக்கு 1903 முதல் வெளிவந்த ‘பிளேதிங்ஸ்’ என்னும் வணிக இதழும், வியாபாரிகளுக்கான ஆண்டு விற்பனைப் பட்டியல்களும் துணை. வியாபாரிகளுக்கான பட்டியலில் இடம்பெற்ற பொருள் தயாரிக்கப்படாமலே போயிருக்கலாம் என்பதால், அதை ஒரு கடையின் கிறிஸ்துமஸ் பட்டியலோடோ செய்தித்தாள் விளம்பரத்தோடோ ஒத்துப்பார்த்த பிறகே ‘வெளியானது’ என்ற சொல்லை எழுத வேண்டும். விற்பனை எண்ணிக்கையில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. கடைகளுக்கு அனுப்பியதையும் மக்கள் வாங்கியதையும் நிறுவனங்கள் பல வேளைகளில் பிரித்துச் சொல்வதில்லை.

இவற்றுக்குப் பிறகும் இடைவெளிகள் இருந்தால் காப்பகங்களுக்கு எழுதலாம். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் உள்ள தி ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கென்றே ஒரு நூலகமும் ஆவணக் காப்பகமும் இயங்குகின்றன. ‘இந்தப் பொம்மையைப் பற்றித் தகவல் வேண்டும்’ என்று கேட்டால் பொதுவான விடையே வரும். பொம்மையில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்தெழுதி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தை இணைத்து, எந்த ஆண்டின் எந்த நிறுவனப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றும் குறிப்பிட்டுக் கேளுங்கள். நிறுவனம் கைமாறிய ஆண்டையொட்டி முன்னும் பின்னும் இரண்டு பட்டியல்களைக் கேட்பது மிகவும் பயன் தரும்.